இன்வாய்ஸ் படிக்கிற ஸ்கிரிப்டுக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி? ஓடுகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

பிறைப்பையன் எழுதியது:

வணக்கம். பினாங்கு, பிறையில் ஒரு சின்ன சரக்கு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஐடிக்கு என்று தனி ஆள் கிடையாது, கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். ஒன்றரை வருடத்துக்கு முன் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சப்ளையர்கள் ஈமெயிலில் அனுப்பும் பிடிஎஃப், லாரிக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் டிஓ (டெலிவரி ஆர்டர், சரக்கு ஒப்படைக்கும் சீட்டு), நாங்களே ஸ்கேன் பண்ணும் பில் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து விழும். ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்து, உள்ளே எழுத்து இருந்தால் அப்படியே எடுக்கும், வெறும் படமாக இருந்தால் டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும்) மென்பொருள் வழியாகப் படிக்கும். பிறகு சப்ளையர் பெயர், இன்வாய்ஸ் நம்பர், தேதி, மொத்தத் தொகை நான்கையும் பிரித்து, கோப்புக்குப் புதுப் பெயர் வைத்து, கணக்கு சிஸ்டத்தில் ஒரு பதிவும் போடும். இப்போது 1,800 வரி ஆகிவிட்டது. டெஸ்ட் (கோட் சரியான விடை தருகிறதா என்று தானே சரிபார்க்கும் குட்டி நிரல்) ஒன்றுகூட இல்லை.

மூன்று விஷயம் நடந்தது, அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு லாரிக்காரர் சொந்தமாக ஓட்டுகிறவர், கம்பெனிப் பெயர் கிடையாது. பில்லில் தன் முழுப் பெயரைத்தான் போடுவார், நடுவில் ஏ/எல் (மலாயில் 'மகன்' என்பதன் சுருக்கம்) வரும். நான் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அந்த ஸ்லாஷை எடுக்கவில்லை. ஃபோல்டர் இல்லாவிட்டால் தானே உண்டாக்கிக்கொள்ளும்படி வேறு எழுதி வைத்திருந்தேன். அதனால் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாகி, அதற்குள்ளே 'எல்' என்று தொடங்கும் பெயரில் அவருடைய பில்கள் போய் உட்கார்ந்துகொண்டன. எர்ரர் எதுவும் வரவில்லை. செக் எழுதுகிறவர் மேல் ஃபோல்டரை மட்டும்தான் பார்ப்பார். இரண்டு மாதம் அந்த மனிதருக்குப் பணம் போகவில்லை. அவர் வந்து வாசலில் நின்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. எனக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது.

இரண்டாவது, தேதி. மலாயில் மாதம் போட்ட பில்களில் சில சரியாக வருகின்றன, சில வேறு மாதத்துக்குப் போய்விடுகின்றன, சில எர்ரர் கொடுக்கின்றன. 10 மாக் (மார்ச்) 2024 என்று தெளிவாக அச்சடித்த பில் அக்டோபர் கணக்கில் கிடந்தது. அதே பில்லை மறுநாள் ஓட்டினால் இன்னொரு தேதி! ஓசிஆர் கோளாறு என்று நினைத்து ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, போன மாதம் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் ஸ்கிரிப்ட் தொடங்கி, ஏற்கெனவே பதிவு போட்ட ஏழு இன்வாய்ஸுக்கு மறுபடியும் பதிவு போட்டுவிட்டது.

பைத்தானில் டெஸ்ட் எழுத உதவும் பைடெஸ்ட் போட்டு முயற்சி செய்தேன். 40 உண்மையான பில்லை வைத்து முழு ஸ்கிரிப்டையும் ஓட்டி, வெளியே வரும் பிடிஎஃபைப் பழையதோடு ஒப்பிட்டேன். 11 நிமிடம் ஓடுகிறது, ஒவ்வொரு தடவையும் ஃபெயில், பார்த்தால் இரண்டு கோப்பும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? ஓசிஆரை எப்படி டெஸ்ட் பண்ணுவார்கள்?

———

செந்தூல்நிரலன் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் தேதி விவகாரம், ஏனென்றால் அது எனக்கும் நடந்திருக்கிறது. தேதியைப் படிக்கும் டேட்யூட்டில் என்ற பைத்தான் நூலகத்தில் ஃபஸ்ஸி என்ற விருப்பத்தைப் போட்டு வைத்திருக்கிறீர்கள், சரியா? அதைப் போட்டால் தெரியாத சொல்லைத் தாண்டிவிட்டு மிச்சத்தை வைத்துத் தேதியைக் கட்டும். மாக் அதற்குத் தெரியாது. மிச்சம் இருப்பது 10, 2024. இரண்டே எண் இருந்து இரண்டாவது 31ஐ விடப் பெரிதாக இருந்தால் மாதம், வருடம் என்று எடுத்துக்கொள்ளும். ஆக அக்டோபர் 2024. நாளுக்கு எண் இல்லாததால் ஸ்கிரிப்ட் ஓடுகிற அன்றைய நாளைப் போட்டுக்கொள்ளும், மறுநாள் ஓட்டினால் தேதி மாறுவது அதனால்தான். 12 வரைக்கும் சத்தமில்லாமல் தப்பாக வரும், 13ஆம் தேதியிலிருந்து அந்த எண்ணில் மாதமே இல்லாததால் எர்ரர் வரும். மலாய் மாதங்களில் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் நான்கு மட்டும்தான் அந்த நூலகத்துக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தோடு ஒத்துப்போகும். மாக், மேய், ஓகோஸ், டிசெம்பர் எதுவும் ஒத்துப்போகாது. ஸ்கேனரை விடுங்கள்.

இதற்கு டெஸ்ட் எழுத பிடிஎஃபே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தேதி என்று ஒரு எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் தேதியைத் திருப்பித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன், அவ்வளவுதான். பைடெஸ்டில் ஒரே டெஸ்டைப் பல உள்ளீடுகளோடு ஓட்ட பாராமெட்ரைஸ் இருக்கிறது. பன்னிரண்டு மாதம், ஒவ்வொன்றுக்கும் 5ஆம் தேதி ஒன்று, 25ஆம் தேதி ஒன்று என்று 24 வரி எழுதுங்கள், கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். அப்படியே 03/04/2024 என்பதையும் சேருங்கள். நம் ஊர் பில்லில் அது ஏப்ரல் 3, அமெரிக்க சப்ளையர் போட்டால் மார்ச் 4, டேட்யூட்டிலும் ஒன்றும் சொல்லாவிட்டால் மாதத்தைத்தான் முன்னால் எடுக்கும். எந்த சப்ளையருக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும், அதை எழுதி வையுங்கள்.

இதுதான் நான் சொல்ல வருகிற பெரிய விஷயமும். உங்கள் 1,800 வரியில் படிக்கும் வேலையும் முடிவெடுக்கும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பார்க்காமலே சொல்வேன். அதை அறுத்துப் பிரியுங்கள். கோப்பை வாங்கி எழுத்தைக் கொடுப்பது ஒரு பக்கம். எழுத்தை வாங்கி நான்கு விவரத்தைக் கொடுப்பது இன்னொரு பக்கம், இது கோப்பையும் தொடக்கூடாது, நெட்வொர்க்கையும் தொடக்கூடாது, இன்று என்ன தேதி என்றுகூட தானாகக் கேட்கக்கூடாது, வேண்டுமானால் வெளியிலிருந்து கொடுங்கள். பெயர் வைத்துக் கோப்பை நகர்த்துவது மூன்றாவது. பதிவு போடுவது நான்காவது. பிரித்த பிறகு அந்த 40 பில்லையும் ஒரே ஒரு தடவை டெசராக்ட் வழியாக ஓட்டி, வந்த எழுத்தை அப்படியே, தப்பும் தவறுமாகவே, டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரியான விடையைக் கையால் டைப் பண்ணுங்கள். ஸ்கிரிப்ட் கொடுத்த விடையைக் காப்பி அடிக்காதீர்கள், தாளைப் பார்த்து டைப் பண்ணுங்கள், ஒரு சாயங்காலம் போகும், போகட்டும். அதற்கப்புறம் உங்கள் 11 நிமிடம் சில விநாடி ஆகிவிடும், ஒவ்வொரு தடவை கோடை மாற்றும்போதும் ஓட்டலாம்.

உண்மையான ஓசிஆரோடு ஓடும் டெஸ்ட் நாலைந்து போதும், அதை ராத்திரியில் ஓடவிடுங்கள். டெசராக்ட் வெர்ஷனை அப்படியே கட்டிப்போடுங்கள். அது மாறினால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் ரெகெக்ஸ் (எழுத்துக்குள் விவரத்தைத் தேடும் வடிவம்) பிடிப்பதும் மாறும். வெர்ஷன் ஏற்றும் அன்று மட்டும் 40ஐயும் மறுபடி ஓட்டி, பழைய எழுத்துக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து பாருங்கள். ஸ்கேனர் 300 டிபிஐயில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், 150இல் வைத்துவிட்டு ரெகெக்ஸைத் திட்டுகிறவர்கள் நிறைய.

பிடிஎஃப் ஒப்பீடு ஃபெயில் ஆவது, கோப்புக்குள் உண்டான நேரமும் ஒரு அடையாள எண்ணும் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதப்படுவதால். பைட்டுக்குப் பைட் ஒப்பிடாதீர்கள். எழுத்தை எடுத்து ஒப்பிடுங்கள், பக்க எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், போதும்.

———

பாயான்_டெஸ்டர் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் உங்கள் மூன்று பிரச்சினையில் இரண்டு, எழுத்தைப் படிப்பதில் வந்ததே இல்லை, கோப்பை வைப்பதிலும் மறுபடி தொடங்குவதிலும் வந்தது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன், பாயான் லெப்பாஸில் எனக்கு இதுதான் தினசரி வேலை.

பெயருக்கு: பைடெஸ்டில் டிஎம்பி பாத் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு டெஸ்டுக்கும் காலி ஃபோல்டர் ஒன்றைக் கொடுக்கும். அதில் உங்கள் வைக்கும் ஃபங்ஷனை ஓட்டிவிட்டு, கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மேல் ஃபோல்டரில் சரியாக ஒரு கோப்பு, உள்ஃபோல்டர் பூஜ்யம் என்று பாருங்கள். கொடுக்கும் பெயர்கள் நம் ஊர்ப் பெயர்களாக இருக்கட்டும். ஏ/எல், ஏ/பி, எஸ்/ஓ, டி/ஓ, பின், பிந்தி, நடுவில் புள்ளி, ஒற்றை மேற்கோள் குறி உள்ள பெயர், ஒரே எழுத்து இனிஷியல். ஏ/எல் என்பதை ஓசிஆர் ஏஐஎல் என்று படித்துவிடும், அப்போது ஒரே ஆள் இரண்டு சப்ளையர் ஆகிவிடுவார், அதற்கும் ஒரு டெஸ்ட் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தரவு எல்லாம் ஜான், மேரி என்றுதான் இருக்கும், அதில் உங்கள் லாரிக்காரர் ஒருநாளும் வரமாட்டார்.

கரண்ட் போவதற்கு: கணக்கு சிஸ்டத்துக்குப் பதிலாக ஒரு பொய்யான பொருளைக் கொடுங்கள், உள்ளே ஒரு லிஸ்ட், பதிவு வந்தால் சேர்த்துக்கொள்ளும். பிறகு கோப்பை நகர்த்தும் ஃபங்ஷன் முதல் தடவை எர்ரர் கொடுக்கும்படி செய்யுங்கள். பதிவு போட்டாயிற்று, கோப்பு நகரவில்லை, ஸ்கிரிப்ட் செத்துவிட்டது, உங்களுக்கு நடந்தது அச்சாக இதுதான். இப்போது மறுபடி ஓட்டுங்கள். லிஸ்டில் ஒரே ஒரு பதிவு இருக்கவேண்டும். இந்த டெஸ்ட் இன்றைக்கு ஃபெயில் ஆகும், ஆகட்டும். அதை பாஸ் ஆக வைப்பதுதான் திருத்தம். முதலில் திருத்திவிட்டு அப்புறம் டெஸ்ட் எழுதினால், டெஸ்ட் எதையாவது பிடிக்கிறதா என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே வந்த கோப்பா என்று பார்க்க நிறைய பேர் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹேஷை (பைட்டுகளிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) வைத்துக்கொள்வார்கள். அதே கோப்பு திரும்ப வந்தால் அது பிடிக்கும். சப்ளையரின் குமாஸ்தா அதே இன்வாய்ஸை மறுபடி அச்சுக்குக் கொடுத்து 'கைண்ட் ரிமைண்டர்' என்று அனுப்பினால் பைட்டுகள் வேறு, ஹேஷ் வேறு, மறுபடி பதிவு. அதனால் சப்ளையரும் இன்வாய்ஸ் நம்பரும் சேர்ந்த சாவியும் (பதிவைத் தேடும் அடையாளம்) வேண்டும். இரண்டு நிலைமைக்கும் தனித்தனி டெஸ்ட்.

இன்னொன்று, ஸ்கேனர் கோப்பை எழுதி முடிப்பதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட் அதை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்கிறீர்கள், இன்னும் மாட்டவில்லை என்றால் நல்ல நேரம். நல்ல பிடிஎஃப் ஒன்றை எடுத்து பாதி பைட்டை வெட்டி டெஸ்டுக்குக் கொடுங்கள். பூஜ்ய பைட் கோப்பு ஒன்று, பாஸ்வேர்ட் போட்டது ஒன்று, தலைகீழாக ஸ்கேன் ஆனது ஒன்று. எதையும் பதிவு போடக்கூடாது, எதையும் தொலைக்கக்கூடாது, தனி ஃபோல்டரில் எடுத்து வைக்கவேண்டும்.

உண்மையான பில்லை, கோடைச் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஏற்றாதீர்கள். ஐசி (அடையாள அட்டை) நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும், நம் நாட்டில் 2010ஆம் வருடத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாங்கள் செய்வது: போலிப் பெயரில் இன்வாய்ஸ் தயார் செய்து, ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்து, மொத்தத் தொகையின் மேலேயே ரப்பர் சாப் (முத்திரை) குத்தி, இரண்டாக மடித்து விரித்து, கொஞ்சம் கோணலாக வைத்து ஸ்கேன் பண்ணுவோம். ஊதா மையில் டித்தெரிமா ('பெறப்பட்டது') என்ற சாப் எட்டு மேல் விழுந்தால் மூன்றாகப் படிக்கும் அழகை நீங்களே பாருங்கள், அந்த ஒரு தாள் சுத்தமான நூறு தாளுக்குச் சமம்.

———

பிரிக்பீல்ட்ஸ்_கணக்கர் எழுதியது:

நான் கோட் எழுதுகிறவள் இல்லை, கோலாலம்பூரில் இந்த மாதிரி ஸ்கிரிப்ட் போட்ட பதிவுகளை மாதக் கடைசியில் உட்கார்ந்து சரிபார்க்கிறவள். உங்கள் டெஸ்டில் எதைக் கேட்கவேண்டும் என்று என்னால் சொல்லமுடியும்.

காலியாக வருகிற விவரத்தால் எனக்கு ஒரு நிமிடம்தான் நஷ்டம், பில்லைத் திறந்து பார்த்துப் போட்டுவிடுவேன். தப்பாக வருகிற விவரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும், சில சமயம் கண்டுபிடிக்கவே மாட்டோம். அதனால் 40 பில்லில் எத்தனை சரி என்று மட்டும் எண்ணாதீர்கள் தம்பி. சரி, காலி, தப்பு என்று மூன்றாக எண்ணுங்கள். காலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, தப்பு ஒன்று கூடினாலும் டெஸ்ட் ஃபெயில் ஆகவேண்டும்.

வரி விகிதத்தை கோடில் ஒரே எண்ணாக எழுதி வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 சதவிகிதத்திலிருந்து 8 ஆனது. ஆனால் உணவு, தொலைத்தொடர்பு, பார்க்கிங் 6இலேயே நின்றன, உங்கள் லாஜிஸ்டிக்ஸ் அன்றைக்குத்தான் புதிதாக உள்ளே வந்தது, அதுவும் 6. ஆகவே பிப்ரவரி 29ஆம் தேதி பில் ஒன்று, மார்ச் 1ஆம் தேதி பில் ஒன்று, போன் பில் ஒன்று, ஆடிட்டர் பில் ஒன்று, நான்கும் டெஸ்டில் இருக்கவேண்டும். பழைய பில்களையும் ஸ்கேன் பண்ணப் போகிறீர்கள் என்றால் 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஜிஎஸ்டி பூஜ்யமாக இருந்த மூன்று மாதத்தையும் மறக்காதீர்கள்.

பிறகு ரவுண்டிங். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் பில் 5 காசுக்குச் சரிக்கட்டப்படுகிறது. 12.32 என்றால் 12.30, 12.33 என்றால் 12.35, 12.37 என்றால் 12.35, 12.38 என்றால் 12.40. வரிகளைக் கூட்டி மொத்தத்தோடு சரிபார்க்கும்போது இந்த இரண்டு காசு இடிக்கும். அதற்காக 'கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை' என்று விட்டுவிடாதீர்கள், ரவுண்டிங் வரி பில்லில் இருந்தால் மட்டும் விடுங்கள். ரொக்கமாகக் கட்டிய பெட்ரோல், சாப்பாட்டு பில் எல்லாம் இதில்தான் வரும்.

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வரும் பில்லும் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் ஆயிரத்துக்குப் புள்ளியும் காசுக்குக் கமாவும் போடுவார்கள், நமக்கு நேர் எதிர். நீங்கள் எடுக்கும் நான்கு விவரத்தில் நாணயம் இல்லையே, ரிங்கிட்டா ரூப்பியாவா என்று யார் பார்க்கிறார்கள்?

———

தஞ்சோங்_தொக்கோங் எழுதியது:

இவ்வளவு எதற்கு? எல்எச்டிஎன் (மலேசிய வருமான வரி வாரியம்) இ-இன்வாய்ஸ் வந்துவிட்டது, எல்லாம் கம்ப்யூட்டர் நேராகப் படிக்கும் எக்ஸ்எம்எல், ஜேசன். இன்னும் ஒரு வருடத்தில் ஓசிஆரே தேவைப்படாது. இல்லையென்றால் ஏதாவது ஏஐ சேவைக்குப் படத்தை அனுப்பினால் நான்கு விவரமும் வந்துவிடும்.

———

செந்தூல்நிரலன் எழுதியது:

இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்ட் 1இல் வருடம் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களிடம் தொடங்கி, படிப்படியாகக் கீழே வந்தது. லாரி டிஓ, வெளிநாட்டு பில், டோல் ரசீது இவையெல்லாம் தாளாகவே தம்பி மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அப்படியே இ-இன்வாய்ஸ் மட்டும்தான் என்றாலும் எல்எச்டிஎன்னின் மைஇன்வாய்ஸ் சிஸ்டத்தில் அனுப்பியதும் உடனே முடிந்தது என்று பதில் வராது, வாங்கிக்கொண்டேன் என்று முதலில் சொல்லும், சரிபார்த்த முடிவைப் பிறகு நாம் திரும்பக் கேட்கவேண்டும், சரி என்று ஆன பிறகு 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற அதே கேள்வி அங்கேயும் நிற்கிறது. சோதித்துப் பார்க்க சாண்ட்பாக்ஸ் தனியாக இருக்கிறது, நல்ல வசதி.

ஏஐ சேவை படிக்கும் பக்கத்தை மாற்றும், அவ்வளவுதான். பிரித்து எழுதியிருந்தால் டெசராக்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டலாம், கையால் டைப் பண்ணிய 40 விடையும் அப்படியே உதவும். சொல்லப்போனால் அப்போதுதான் அந்த விடைகள் இன்னும் அவசியம், ஏனென்றால் டெசராக்ட் படிக்கமுடியாததைக் குப்பையாகக் கொடுக்கும், பார்த்ததும் தெரியும். ஏஐ அழகான ஒரு தொகையைக் கொடுத்துவிடும், அது தாளில் இருந்ததா என்று நாம்தான் பார்க்கவேண்டும்.

———

பிறைப்பையன் எழுதியது:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுதவேண்டும் என்று இருந்தேன்.

தேதிக்கு 24 வரி டெஸ்ட் எழுதி ஓட்டினேன். அண்ணா சொன்னதுபோல நான்கு மாதத்துக்கு 8 மட்டும் பாஸ், மிச்சம் 16உம் ஃபெயில். ஃபஸ்ஸியை எடுத்துவிட்டு மலாய் மாதப் பெயர்களுக்கு ஒரு அட்டவணை போட்டேன், இப்போது 24உம் பாஸ். பிறகு பழைய பதிவுகளில் மலாய் மாதம் உள்ளவற்றை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், 31 பதிவில் தேதி தப்பு. பட்டியலை எங்கள் ஆபீஸ் கணக்கு அக்காவிடம் கொடுத்துவிட்டேன், கோபப்படவில்லை, இன்னும் ஏதாவது இருந்தால் இப்போதே சொல் என்றார்.

நகர்த்தும்போது சாகும் டெஸ்ட் முதலில் ஃபெயில் ஆனது, லிஸ்டில் இரண்டு பதிவு. கரண்ட் போன அன்று நடந்ததை என் மேசையிலேயே அரை விநாடியில் திரும்பப் பார்த்தது விசித்திரமாக இருந்தது. பதிவு போடுவதற்கு முன்பே சாவியைத் தேடும்படி மாற்றினேன்.

மேடான் பில் இரண்டு கிடைத்தது. ஒன்றில் ரூப்பியாத் தொகை ரிங்கிட் என்று பதிவாகியிருந்தது, நல்லவேளை இன்னும் பணம் கட்டவில்லை. நாணயத்தை ஐந்தாவது விவரமாகச் சேர்த்துவிட்டேன், கிடைக்காவிட்டால் தனி ஃபோல்டருக்குப் போகும்.

இப்போது மொத்தம் 96 டெஸ்ட், 4 விநாடி. லாரிக்காரர் பில்லைப் போலவே போலிப் பெயரில் ஒன்று தயார் செய்து அதைத்தான் முதல் டெஸ்டாக வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. டிஓவின் மூன்றாவது பிரதி, அந்த மஞ்சள் கார்பன் தாள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தது. எழுத்து ஊசிக்குத்து மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது, டெசராக்ட் பாதி வரியை விட்டுவிடுகிறது. ஓசிஆருக்கு முன் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் புள்ளிகள் சேர்ந்துகொள்கின்றன, ஆனால் அதே மாற்றம் நல்ல தாள்களில் 8ஐயும் 6ஐயும் குழப்புகிறது, 40இல் இரண்டு புதிதாகத் தப்பு ஆனது. தாள் எந்த வகை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு அதற்கு மட்டும் மங்கலாக்குவதா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், நாளைக்கு 15 டிஓவை ஸ்கேன் பண்ணி விடையை டைப் பண்ணப்போகிறேன்.